பிரிவிலேயே சுத்தமான ஆள் எழுதுவது

என் அன்பு மனைவிக்கு,

இங்கே நான் நலம் என்று வழக்கமாக எழுதுவேன். இந்த முறை அதற்கு ஆய்வகமே சாட்சி சொல்கிறது. அங்கே நீயும், இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். விஷயம் சிறுநீரைப் பற்றியது. அத்தை காதுபட மாப்பிள்ளை அதை எப்படிப் பேசுவது?

எங்கள் மெத்தைத் தொழிற்சாலையில் ஃபோம் பொங்க வைக்க ஊற்றுகிறோமே ஒரு ரசாயனம், ஐசோசயனேட், அதன் ஆவி எங்கள் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒரு மருத்துவரம்மா வந்தார். ரத்தம் கொஞ்சம், சிறுநீர் ஒரு டப்பா. அளவு மீறியவர்களை இந்தப் பிரிவிலிருந்து எடுத்து வேறு ஊர்க் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்களாம். எந்த ஊர்க் கிடங்கு தெரியுமா? உங்கள் ஊர். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்றவர்களெல்லாம் எப்படியாவது தப்பிக்க வேண்டும் என்று தவிக்க, நான் ஒருவன் மட்டும் எப்படியாவது மாட்டிக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

டப்பாவை ஷிஃப்ட் முடிந்த கையோடு நிரப்பித் தர வேண்டும். நம் மொட்டை இருக்கிறானே, மனைவியை ஒரு நாள்கூடப் பிரிந்து இருக்காதவன், அவன் பயத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டான். மருத்துவரம்மா டப்பாவைத் தூக்கிப் பார்த்து, "இது வெறும் தண்ணி. போயிட்டு நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். ரசாயன டிரம் இறக்கும் லாரிக்காரர் காலையிலேயே வீட்டிலிருந்து பாட்டிலில் நிரப்பிக்கொண்டு வந்தார். "ஷிஃப்ட் முடிஞ்சு குடுக்கச் சொன்னா பார்சல் கொண்டு வர்றீங்களா?" என்று மருத்துவரம்மாவிடம் அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் மட்டும் சொன்னபடி, சொன்ன நேரத்தில், சொன்ன கோடு வரை நிரப்பிக் கொடுத்தேன்.

நேற்று சிறுநீர் முடிவு வந்தது. எங்கள் மேஸ்திரி, அதுதான் நாங்கள் சைரன் என்று கூப்பிடுவோமே, அவர் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பிரிவுலயே சுத்தமான ஆளு நீதான்யா" என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மொட்டைக்கு அளவு மீறிவிட்டது. "பொண்டாட்டிய இங்க விட்டுட்டு நான் அங்க போகணும். பொண்டாட்டி அங்க இருக்குற நீ இங்கயே கிடக்கணும். என்னடா நியாயம் இது?" என்றான். இருவரும் சேர்ந்து மருத்துவரம்மாவிடம் போய், அவனுக்குப் பதில் நான் போகிறேனே என்று கேட்டுப் பார்த்தோம். "ஷிஃப்ட் மாத்திக்கிற மாதிரி இத மாத்திக்க முடியாதுங்க" என்றார்.

எல்லாம் உன்னால்தான். முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்று புறப்படும்போது சொல்லிவிட்டுப் போனாய். மூக்கு அரித்தால்கூட வெளியே போய்ச் சொறிந்துகொள்கிறேன். உன் பேச்சை இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பரிசு, உன்னைப் பார்க்க முடியாமல் போனதுதான். வீட்டில் இருக்கிறதே நான் செய்த மெத்தை, அதில் என் பக்கம் குழி விழுந்துவிட்டது. உன் பக்கம் வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று இருந்தது போலவே மேடாக இருக்கிறது. இவ்வளவு நல்ல மெத்தையை ஏன் செய்தோம் என்று இருக்கிறது. உன் பக்கம் திரும்பிப் படுக்கவே பிடிக்கவில்லை.

போகட்டும். அத்தை எழுந்து நடமாடும்வரை நீ அங்கேயே இரு. நான் எப்படியோ ஓட்டிக்கொள்கிறேன், கவலைப்படாதே. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். ஆய்வக விவரத்தை மட்டும் சொல்ல வேண்டாம்.

உன்னையே நினைத்துக்கொண்டு,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மருத்துவரம்மா கூப்பிட்டனுப்பினார். ரத்த முடிவு இன்றுதான் வந்ததாம். சிறுநீர் அன்றன்றைய கதையை மட்டும்தான் சொல்லுமாம். ரத்தம் சில மாதக் கதையைச் சொல்லுமாம். என் ரத்தத்தில் மொட்டையைவிட அதிகமாக இருக்கிறதாம். "முகக்கவசத்த எப்பல்லாம் கழட்டுவீங்க?" என்று கேட்டார். கழற்றுவதே இல்லை என்று சத்தியம் செய்தேன். பக்கத்தில் நின்ற சைரன் சும்மா இருக்காமல், "மத்தியானம் வீட்டம்மா போன் வந்தா கழட்டுவானேம்மா. கலவை ரூம்லயே நின்னு அரை மணி நேரம் பேசுவான்" என்று போட்டுக் கொடுத்துவிட்டார். அதையெல்லாம் கழற்றுவது என்று நான் கணக்கில் சேர்த்ததே இல்லை. கவசத்தோடு பேசினால் யார் பேசுவது என்று கேட்கிறாய். வெளியே ஓடி வருவதற்குள் போனை வைத்துவிடுகிறாய். டப்பா நிரப்பிய அன்று அத்தையை ஸ்கேனுக்குக் கூட்டிப் போனாய், கூப்பிடவில்லை. அன்று ஒரு நாள்தான் நான் சுத்தம்.

பயப்படாதே. மூச்சு நன்றாக இருக்கிறது, விலகி இருந்தால் தானாகக் குறைந்துவிடும் என்கிறார். திங்கட்கிழமையிலிருந்து உங்கள் ஊர்க் கிடங்கில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன். அதுவரை திட்டுவதற்காகக்கூட மத்தியானத்தில் கூப்பிடாதே. கூப்பிட்டால் எடுத்துவிடுவேன்.