பயம் உண்டா, இல்லையா?

"ஏனுங்ண்ணா, எதுக்குமே பயமில்லைன்னு போட்டிருக்கீங்க. ஆனா, நிம்மதியாத் தூங்கறீங்களான்னு கேட்டதுக்கும் இல்லைன்னு போட்டிருக்கீங்களே?"

நாமக்கல் லாரி ஆபீசில் காகிதக் கட்டோடு நின்று இப்படிக் கேட்டவள் வசந்தாமணி, சேலத்துக் கல்லூரியில் மனோதத்துவம் படிக்கும் பெண். டிரைவர் வெள்ளியங்கிரிக்குப் பகீரென்றது. கேள்வியைப் படிக்காமலே மேலிருந்து கீழ்வரை 'இல்லை' போட்டுத் தள்ளிய வினை.

பயந்தாங்கொள்ளி யாரென்று கண்டுபிடித்து பம்பாய் லைனிலிருந்து தூக்கத்தான் முதலாளி காளியண்ணன் இவளை வரவழைத்திருக்கிறார் என்று ஷெட் முழுக்கப் பேச்சு. பம்பாய் போச்சென்றால் அப்புறம் உள்ளூரில் செங்கல் லோடு அடிக்க வேண்டியதுதான்.

"டிரைவருக்குத் தூக்கம் எதுக்குங்க அம்மிணி?" என்று சமாளித்தான்.

"சரிங்ண்ணா. அடுத்த மாசம் வந்து இதே கேள்வியெல்லாம் திரும்பக் கேப்பேனுங்க."

இதே கேள்விகளா! திரும்பக் கேட்டால் முதலில் சொன்னது தப்பென்றுதானே அர்த்தம்? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அப்படித்தான் கேட்பார், கையில் பிரம்போடு.

மனைவி செல்லாயி யோசனை சொன்னாள். "ஒண்ணுக்குமே பயமில்லைன்னா யாருங்க நம்புவாங்க? பாதிக்குப் பாதி போட்டு வையுங்க."

அடுத்த மாதம் ஒரு 'உண்டு', ஒரு 'இல்லை' என்று மாற்றி மாற்றிப் போட்டான். வசந்தாமணி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் தொங்கிப்போயிற்று. விறுவிறுவென்று முதலாளி அறைக்குள் போனாள்.

"இவரு சரிப்பட மாட்டாருங்க. வேற டிரைவரைக் குடுங்க" என்று அவள் சொல்வது வெளியே கேட்டது.

வெள்ளியங்கிரி உள்ளே பாய்ந்தான்.

"மன்னிச்சுருங்க மொதலாளி! ரெண்டு தடவையும் பொய்தானுங்க. பம்பாய்லருந்து திரும்பறப்ப தொப்பூர்க் கணவாய் எறக்கத்துல எனக்குக் கை நடுங்குமுங்க. கண்ணை மூடிக் கருப்பனாரைக் கும்புடுவேனுங்க. ஐயோ, கண்ணை மூட மாட்டேனுங்க, கும்புடறது மட்டுந்தான்!"

வசந்தாமணி தயங்கித் தயங்கி வாய் திறந்தாள்.

"அண்ணா, நான் சோதிச்சது உங்களையில்லீங்க, கேள்வியைத்தான். ஒருத்தரையே ரெண்டு தடவை கேட்டா அதே பதில் வருதான்னு பாக்கறதுங்க. அப்பிடி வந்தாத்தான் இந்தக் கேள்விகளை நம்ப முடியும். நீங்க மாத்தி மாத்திப் போட்டுட்டீங்க, அதனாலதான் இன்னொரு டிரைவரைக் கேட்டேன்."

ஆக, சும்மா இருந்திருந்தாலே பம்பாய் லைன் பிழைத்திருக்கும். தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டான். வெள்ளியங்கிரிக்கு அழுகையே வந்துவிட்டது.

காளியண்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"பம்பாய் வண்டி உனக்குத்தான், போ" என்றார்.

வெள்ளியங்கிரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நெசமாலுமுங்களா மொதலாளி?"

காளியண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லிப்போடாதே. அந்த எறக்கத்துக்குப் பயந்துதானப்பா நான் ஸ்டீரிங்கை உட்டுப்போட்டு மொதலாளியானேன்!"