பூதக்கண்ணாடி சாரும் என் பிளாட்டினக் கியூப்களும்

கடவுளே நேரில் வந்து நின்றாலும் அடையாள அட்டை கேட்கக்கூடிய ஒரே ஆள் பெங்களூரில் எங்கள் பூதக்கண்ணாடி சார்தான். கையில் பூதக்கண்ணாடி எதுவும் கிடையாது. அவர் பார்க்கிற பார்வைக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

செல்போனில் எல்லோரும் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த காலம். ஆராய்ச்சிப் படிப்புக்காக நான் ஆம்பூரிலிருந்து வந்திருந்தேன். சார் எங்கள் வேதியியல் லேபில் சீனியர் விஞ்ஞானி. மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும் தமிழர். அவர் வாக்கியம் தமிழில் கிளம்பிக் கன்னடத்தில் போய் இறங்கும். சந்தேகம் மட்டும் இரண்டு மொழியிலும் சுத்தமாக வரும்.

அசிட்டோன் பாட்டிலில் பென்சில் கோடு போட்டு வைப்பார். ஒரு தராசை நம்பாமல் இன்னொன்றில் எடை போடுவார். இரண்டும் ஒரே எடை காட்டினால், "ரெண்டும் கூட்டு சேந்துக்கிச்சு" என்பார். டாக்டர் இவருக்குச் சர்க்கரை என்று சொன்னபோது டாக்டரின் மெஷின் மேலேயே சந்தேகம். மறுநாள் சின்ன பாட்டில் ஒன்றோடு லேபுக்கு வந்து, "நம்ம எலக்ட்ரோடுலயே பாத்துடலாம்" என்றார். அதில் என்ன என்று பக்கத்து மேசை மஞ்சுளா கேட்டாள். சொன்னார். அடுத்த நிமிடம் லேபில் ஆளே இல்லை.

அந்த எலக்ட்ரோடுதான் என் பிழைப்பு. பிளாட்டினத்தைக் கண்ணுக்கே தெரியாத துகளாக்கி, அதையும் உருண்டையாக விடாமல், பகடைக்காய் மாதிரி கியூப் கியூப்பாக வளர்க்க வேண்டும். அதைப் பூசிய எலக்ட்ரோடைக் குளுக்கோஸ் கலந்த அமிலத்தில் வைத்தால், குளுக்கோஸ் ஆக்சிஜனேற்றம் அடைந்து மின்சாரம் வரும். கம்ப்யூட்டர் திரையில் கோடு மேடாக எழும்பும். உருண்டைத் துகளுக்குச் சின்ன மேடு. என் கியூப்புக்கு மலை!

திங்கட்கிழமை மதியம் ஒரு குழு வந்து அந்த மலையை நேரில் பார்த்தால்தான் என் உதவித்தொகை நீடிக்கும். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் அப்பா வங்கித் தேர்வுப் புத்தகத்தோடு காத்திருந்தார்.

ஞாயிறு மாலை ஒத்திகை பார்த்தேன். அபாரமாக வந்தது. சார் திரையை வெறித்துவிட்டு, "மொத்த பில்டிங்கும் இதையே பேசுது. நல்லதில்லம்மா" என்று முணுமுணுத்தார். பொறாமையோ என்று எனக்குள் ஒரு முள்.

திங்கள் காலை அதே கலத்தில் மறுபடி போட்டுப் பார்த்தால் மலையைக் காணோம். திரையில் ஏரித் தண்ணீர் மாதிரி தட்டையாக ஒரு கோடு. எனக்கு அழுகை வந்துவிட்டது. சார் பாய்ந்து போய்க் கதவைத் தாழ்போட்டார்.

"யாரும் வெளிய போகக் கூடாது!"

கண்ணாடிக் கலத்திலிருந்து கொஞ்சம் கரைசலை எடுத்து, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டார். பால் போல வெளுத்தது. உப்பு! உப்பிலிருக்கும் குளோரைடு, பஸ் சீட்டில் துண்டு போடுவது போல பிளாட்டினத்தின் மேல் இடம் பிடித்துக்கொள்ளும். குளுக்கோஸுக்கு நிற்கக்கூட இடம் இருக்காது.

"மஞ்சுளா, காலைல என்ன சாப்ட்ட?"

"உப்பிட்டு சார்." இந்த ஊர் உப்புமா. பேரிலேயே உப்பு!

"கையைக் காட்டு!"

"ஸ்பூன்ல சாப்ட்டேன் சார்."

"கதை விடாதே சும்னே." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயே போட்டிருந்தா?"

"என் சோத்துல நானே மண்ணை அள்ளிப் போட்டுக்குவனா சார்?" என்று கத்திவிட்டேன்.

மஞ்சுளா கோலார் தங்கவயல்காரி. எதற்கும் அசர மாட்டாள். "கோவிச்சுக்காதீங்க சார். நேத்து ஒத்திகை முடிஞ்சு இவ டீ குடிக்கப் போனப்ப, கைய மூடிக்கிட்டு அந்த மேசையச் சுத்திச் சுத்தி வந்தது நீங்கதானே?"

"அப்பவே ஏன் கேக்கல?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

சாரின் முகம் தொங்கிப்போனது. மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே கல் உப்பு, இரண்டு காய்ந்த மிளகாய்.

"திருஷ்டி சுத்துனேம்மா. கலத்துக்கு மூடி இருக்குன்னு நெனச்சேன், கையிலேர்ந்து உப்பு உதிர்ந்துடுச்சு போல."

அடப்பாவி மனுஷா! எங்கள் மூடியையெல்லாம் மூன்று முறை திருகிப் பார்க்கிறவர், அன்றைக்கு ஒரு மூடியைப் பார்க்கவில்லை.

"பிளாட்டினத்துக்கு யாராவது திருஷ்டி சுத்துவாங்களா சார்?"

"பிளாட்டினத்துக்கு எதுக்கு? உனக்குத்தான் சுத்துனேன். நீ அங்க இல்ல, அதான் உன் மேசைக்கு."

அவரே கலத்தை எடுத்துப் போய்த் தேய்த்துக் கழுவினார், யாரையும் தொட விடவில்லை. புது எலக்ட்ரோடு, புதுக் கரைசல். குழு வந்தபோது மலை எழும்பியது. "பொழச்ச போ, ஆய்த்து" என்றார். குழுத் தலைவர் என்னைப் பாராட்டிக் கை கொடுத்தபோது, அந்தக் கையைச் சார் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது எனக்கென்று ஒரு லேப் இருக்கிறது. கலத்துக்கு மூடி இருக்கிறது, கதவுக்குப் பூட்டு இருக்கிறது. எனக்குக் கண் பட்டுவிடுமே என்று பயப்படத்தான் ஆள் இல்லை.