ஆனாலும் அண்ணாச்சி வீடு வாங்கிய கதை

தென்காசியில் அந்தக் காலத்தில் கைமாறிய வீடுகளில் பாதி ஆனாலும் அண்ணாச்சியின் பேனா வழியாகத்தான் கைமாறின. ஊருக்கெல்லாம் வீடு எழுதிக் கொடுத்த அந்த மனிதர் மட்டும் இருபது வருஷமாக வாடகை வீட்டில் இருந்தார்.

நான் பத்திர ஆபீசில் குமாஸ்தா. அவர் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் சாய்வு மேஜை போட்டுப் பத்திரம் எழுதுகிறவர். எழுதிய ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் அவருடைய பெயர் இருந்தது. ஒருவரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, “நீரு சொல்லுதது சரிதான் வே. ஆனாலும்...” என்று இழுப்பார். அந்த இழுப்புக்குப் பின்னால் அரை மணி நேரம் போகும். பெயரும் அதுவே ஆகிவிட்டது. ஒரு முறை வைத்தியர் நாடி பார்த்து, உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல, அதற்கும் ஆனாலும் போட்டு இரண்டு வேளை மருந்து வாங்கி வந்தவர்.

ரங்கூனிலிருந்து என் மகன் குடும்பத்தோடு வருகிறான், தைக்குள் காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் அண்ணாச்சிக்குச் சொந்த வீட்டு எண்ணமே வந்தது. இரண்டு வீடுகள் தோதாக அமைந்தன. ஒன்று தென்காசியில் தேரோடும் வீதியில். கோயில், கடைத்தெரு, ரயிலடி, ஆபீஸ் எல்லாம் கைக்கெட்டும் தூரம். மற்றொன்று மூன்று மைல் தள்ளிக் குற்றாலத்தில், பலாமரத்தோடு கூடிய ஓட்டு வீடு. விலை ஏறக்குறைய ஒன்றுதான். அதுதான் வினையாகப் போயிற்று. ஒன்று மலிவாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

பார்த்து வாங்குவது போதாது, இருந்து பார்க்க வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பிரம்பு நாற்காலியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், தேரோடும் வீதி வீட்டின் காலிக் கூடத்தில் போட்டு, காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிறு குற்றாலம். பத்திரத்தில் வீட்டுக்கு நான்கு எல்லை எழுதுவார்கள் அல்லவா, அதே பாணியில் இரண்டு வீட்டுக்கும் எழுதி என்னிடம் காட்டினார்.

தென்காசி வீடு: மிளகாய் வறுக்கிற வீட்டுக்குக் கிழக்கு, விடியுமுன் பஜனை பாடுகிறவர் வீட்டுக்குத் தெற்கு, எந்நேரமும் எட்டிப் பார்க்கிற சன்னலுக்கு மேற்கு, தேர் திரும்பும்போது சுவரை இடிக்கக்கூடிய முக்குக்கு வடக்கு. குற்றாலம்: அருவிச் சத்தத்துக்குக் கிழக்கு, குரங்குக் கூட்டத்துக்குத் தெற்கு, பலாமரத்துக்கு மேற்கு, ஆளே நடமாடாத தோப்புக்கு வடக்கு.

குற்றாலமே மேல் என்று நான் சொன்னேன். ஆனாலும் ஒரு சாரல் காலம் இருந்து பார்த்துவிடலாம் என்று, அந்த வீட்டையே ஆனியும் ஆடியும் வாடகைக்கு எடுத்து, தன் மனைவியோடு குடிபோனார். அந்த அம்மாள் எனக்கு மதினி முறை.

முதல் வாரம் பூலோக சொர்க்கம் என்றார். இரண்டாம் வாரம் துவைத்த வேட்டி காயவில்லை. காலையில் ஈர வேட்டியோடு குடை பிடித்து ஆபீசுக்கு நடந்து வந்து, தகரப் பெட்டியில் கொண்டுவந்த அரை ஈர வேட்டிக்கு மாறுவார். மூன்றாம் வாரம் ஒரு குரங்கு அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பலாமரத்தில் ஏறியது. அண்ணாச்சி அதனிடமும் நியாயம் பேசிப் பார்த்தார். கடைசியில் இரண்டு வாழைப்பழத்துக்குத் திரும்பக் கிடைத்தது.

குரங்கைச் சமாளித்தவரால் உறவைச் சமாளிக்க முடியவில்லை. குற்றாலத்தில் வீடு என்றதும் கடையநல்லூரிலிருந்து மதினியின் தம்பி, பிள்ளைகளோடு குளிக்க வந்தார். பிறகு தம்பியின் சம்பந்திகள். பிறகு சம்பந்திகளுக்கு வேண்டியவர்கள். அப்புறம், எங்கள் வீட்டுப் பத்திரம் நீங்கள்தானே எழுதினீர்கள் என்று உரிமையோடு சிலர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் மனைவி மக்களோடு நான்கு நாள் போயிருந்தேன். அண்ணாச்சி படுக்க இடமில்லாமல், வந்தவர்களின் மாட்டு வண்டியில் படுத்தார்.

ஆடி முடிகிற சமயம் அவர் தீர்மானத்துக்கு வந்துவிட்டார். தென்காசிதான். விற்கிறவரிடம் வாக்குக் கொடுத்து, பத்திரத்தாளும் வாங்கியாயிற்று. மதினியிடம் சொல்லிவிட வேண்டும், நீரும் வாரும் என்று என்னையும் துணைக்கு அழைத்தார். மதினி என்ன சொல்வாளோ என்று அவருக்கு உள்ளூரப் பயம். சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம்.

வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. பின்கட்டில் அருவியில் குளித்துவிட்டு வந்த பெண்கள் ஈரத் தலையோடு வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் மதினி பெரிய தேக்சாவிலிருந்து சோறு பிசைந்து கையில் கையில் உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லித் தானே சிரித்து, கண்ணீரை முழங்கையால் துடைத்தாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. தென்காசி வாடகை வீட்டுக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். மதினியின் குரல் அடுக்களையைத் தாண்டிக் கேட்டதில்லை.

அண்ணாச்சி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். மதினி அவரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“என்ன, வீடு தீர்மானம் ஆயிட்டா? தென்காசின்னாலும் எனக்குச் சம்மதந்தான். ஆபீசுக்கு நடந்து நடந்து நீங்க எளச்சுப் போய்ட்டிய.”

“இல்லட்டி,” என்றார் அண்ணாச்சி. “இங்கனயேதான் வாங்குதேன்.”

அவர் வாயிலிருந்து இத்தனை சின்ன வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. மதினி கையிலிருந்த உருண்டையை அவரிடம் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

தேரோடும் வீதிக்காரரிடம் மன்னிப்புக் கேட்க என்னைத்தான் அனுப்பினார். குற்றாலத்து வீட்டுக்குப் பத்திரம் எழுதினார். எழுதியதை இரு தரப்புக்கும் உரக்கப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். அன்று எழுதி வாங்குபவர் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் கேட்டார். அங்கே மதினியின் பெயர் இருந்தது. ஏன் அண்ணாச்சி மனசு மாறினீர்கள் என்று கேட்டேன்.

“காத்து நல்லாருக்கு வே,” என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு ஐந்து ஊர் மாற்றல் ஆயிற்று. எந்த ஊரில் இருந்தாலும் ஆனி பிறந்ததும் அண்ணாச்சியின் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு கார்டு வரும்: ‘சாரல் விழுந்துவிட்டது. உங்கள் அறையைக் கூட்டி வைத்திருக்கிறோம்.’ அந்த வீட்டில் இருந்ததே இரண்டு அறைகள். இதே கார்டு நாற்பது பேருக்குப் போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு வருஷமும், என் அறைக்குத்தான் போகிறேன் என்று நம்பி ரயில் ஏறினேன்.