தைவான்காரர் திட்டவில்லை

பயோடேட்டாவில் ‘தெரிந்த மொழிகள்’ என்ற இடம் வந்தால் சிலருக்குக் கை சும்மா இருக்காது. எனக்கும் இருக்கவில்லை. தமிழ், ஆங்கிலம் என்பதோடு சீனம் என்றும் எழுதிவிட்டேன். முழுப் பொய் இல்லை. ஒரு கேசட்டில் பத்துப் பாடம் கேட்டு, சொற்களைத் தமிழில் நோட்டில் எழுதி மண்டையில் ஏற்றியிருந்தேன். (டேப் ரிக்கார்டர் மாமாவுடையது, மண்டை மட்டும் என்னுடையது.)

தொண்ணூறுகளின் தொடக்கம். சிட்லபாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து குரோம்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணப் பேச்சு என்று, நான் கட்டிக்கொள்ள நினைத்திருந்த கமலாவின் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அப்போதுதான் தைவானிலிருந்து ஒரு மெஷினும், அதைப் பொருத்திக் காட்ட லின் என்பவரும் வந்தார்கள். அவருக்குச் சீனம்தான், ஆங்கிலம் வராது. என் பயோடேட்டாவைப் பார்த்து, மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள்.

“இத ஒழுங்கா முடிச்சுக் குடுங்க, கன்ஃபர்மேஷன் லெட்டர் ரெடி” என்றார் மேனேஜர்.

ஃபிட்டர் தனசேகர் முதல் பாகத்தை மாட்டினார். லின் குனிந்து பார்த்துவிட்டு, “துவெய்!” என்றார். குரல் உச்சியிலிருந்து சடாரென்று இறங்கி வெட்டுப்பட்டு நின்றது. என் மார்க் ஷீட்டைப் பார்த்ததும் அப்பா பேசுகிற அதே ராகம். பயங்கரக் கோபத்தில் இருக்கிறார், தப்பாக மாட்டியிருக்கிறோம் என்று மேனேஜரிடம் சொன்னேன். கழற்றினார்கள். வேறு மாதிரி மாட்டினால் லின் தலையை ஆட்டி மறுத்தார். பழையபடி மாட்டினால் மறுபடியும் அதே வெட்டு. மறுபடியும் கழற்றச் சொன்னேன். மத்தியானம் மூன்று மணிக்கு மெஷின் தரையில் உதிரியாகக் கிடந்தது.

அடுத்த முறை லின் ஓடிவந்து தனசேகர் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்தி அதே ராகத்தில் கத்தினார். தனசேகர் என்னைப் பார்த்தார்.

“இன்னா சார் நீ, அவரு பாராட்டிகினு கீறாரு. காலைலேர்ந்து திட்டறாரு, திட்டறாருன்ற.”

‘சரி’ என்பதற்கான சொல் அது. முதல் பாடத்திலேயே இருந்தது. எழுத்தை எழுதிக்கொண்டேன், ராகத்தை விட்டுவிட்டேன்; அதனால் கோபம்தான் காதில் விழுந்தது, சொல் விழவில்லை. என் நோட்டை வாங்கிப் பார்த்த லின், ஒரே ஓசையை நான்கு விதமாகச் சொல்லி, கையை நேராக, மேலே, வளைத்து, கீழே என்று காட்டினார். நாம் குரலின் ஏற்ற இறக்கத்தில் மனசைத் தேடுகிறோம். அவர்கள் அதில் சொல்லையே வைத்திருக்கிறார்கள். அது புரிந்தபோது வெட்கமாக இருந்தது. ஒரு நல்ல மனிதரை நாள் முழுக்கக் கோபக்காரராக்கி வைத்திருந்தேன்.

நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. காரணத்தைக் கமலா வீட்டில் மறைக்காமல் சொன்னேன். கமலா காத்திருந்தாள்.

இன்றும் சமையலறையிலிருந்து கமலாவின் குரல் சடாரென்று இறங்கினால், எங்கள் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வாள்: “அம்மா திட்டலப்பா. சரின்னு சொல்றாங்க.”

நானும் ஒவ்வொரு முறையும் நம்பி, எழுந்து போய் முகத்தைப் பார்ப்பேன். திட்டுதான்.