எண்ணே இறுதி என்று எழுதிய கை

ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று நான் கை வைத்த எதுவும் உருப்பட்டதில்லை. அதில் முதலிடம், இரண்டு மாவட்டங்களின் இணையத்தை நான் ஒழுங்குபடுத்திய கதைக்கு.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஊராட்சி அலுவலகங்களுக்கும் இ-சேவை மையங்களுக்கும் ஃபைபர் கேபிள் இழுத்துப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் நான் இன்ஜினியர். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. (ஆனால் எல்லாம் தெரியும்.) லைன்மேன்கள் கேபிளுக்கு வைத்திருந்த பெயர்களைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். 'மண்டபத்து லைன்', 'நாய் தொரத்துற வூட்டு லைன்'. இப்படியா ஒரு நெட்வொர்க்கை நிர்வகிப்பது? நிர்வாக நெறிமுறையை நானே எழுதுகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் தடுக்கவில்லை. அதற்காக இன்றுவரை அவரை நான் மன்னிக்கவில்லை.

மூன்று மாதம் உட்கார்ந்து அதை ஒரு புத்தகமாகவே எழுதினேன். ஒவ்வொரு இணைப்புப் பெட்டிக்கும் பன்னிரண்டு இலக்க எண். கண்காணிப்புத் திரையிலும் ஊர்ப்பெயர்களை அழித்துவிட்டு எண்களைப் போட்டேன். நாலாவது விதியை மட்டும் தடித்த எழுத்தில் அடித்தேன்: 'வாய்மொழித் தகவலும் எண்ணும் முரண்பட்டால் எண்ணே இறுதி.'

அமலுக்கு வந்த அன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பதினொரு மணிக்குத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி சிவந்தது. உடனே லைன்மேன் அன்பழகனின் ஃபோன்.

"மேடம், எறையூர்ல வாய்க்கா வெட்டுற ஜேசிபி நம்ம கேபிள அறுத்துடுச்சிங்க."

"ஊர் பேரு வேணாம்ண்ணே. எண் சொல்லுங்க."

பெட்டியில் ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தார். என் புத்தகத்தில் பார்த்தேன்.

"இது ஆலத்தியூர்ண்ணே."

"நான் எறையூர்லதாங்க நிக்கிறேன். எதுக்க சக்கர மில்லுக்குக் கரும்பு லோடு போயிட்டிருக்கு!"

அதிகாரி என்னைப் பார்த்தார். நாலாவது விதியை எடுத்து அவருக்குக் காட்டினேன். (பெருமையாக.) பிறகு ஆலத்தியூரில் இருந்த குமாரைக் கூப்பிட்டேன்.

"மேடம், இங்க கேபிள்ல லைட்டு நல்லாத்தான வருது? அறுந்தத ஒட்டுற மிஷினும் எறையூர்க்காரங்ககிட்ட இருக்குங்க."

"புத்தகத்துல உங்க பெட்டிதான் இருக்கு. மிஷின் வர்றதுக்குள்ள பழுதான கேபிள வெட்டி, ஒட்டுறதுக்கு ரெடியா வைங்க."

வெட்டிவிட்டார். திரையில் இன்னொரு புள்ளி சிவந்தது. அதை நம்பியிருந்த ஏழெட்டுப் புள்ளிகள் வரிசையாகச் சிவந்தன.

அதிகாரி மெதுவாகக் கேட்டார். "இதுக்கு எத்தனாவது விதிம்மா?"

இரண்டு ஊர்களின் எண்களையும் புத்தகத்தில் நானே இடம் மாற்றி அடித்திருந்தேன் என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அதற்குள் என் தங்கை தமிழரசியின் ஃபோன். எங்கள் வீடு ஆலத்தியூருக்குப் பக்கத்தில்.

"அக்கா, இ-சேவை மையத்துல நெட்டு போயிடுச்சி. ஃபோன்லயும் சுத்திக்கிட்டே இருக்கு. அந்த கவர்மெண்ட் வேலைக்கு இன்னிக்கி அஞ்சு மணியோட அப்ளிகேஷன் முடியுது. அரியலூருக்குப் போயிடவா?"

வயது வரம்பின்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அப்போதாவது, போ என்று சொல்லியிருக்கலாம்.

"அரை மணி நேரத்துல வந்துடும், இரு" என்றேன்.

எறையூரை முடித்து, மிஷின் மாவட்டம் தாண்டி ஆலத்தியூர் வந்து சேர மூன்றரை ஆனது. முடியைவிட மெல்லிய இழைகளைக் குமார் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருக்க, தமிழரசி பொறுக்கமாட்டாமல் பஸ் ஏறினாள். அரியலூரில் அவள் இறங்கியபோது மணி ஐந்து ஐந்து. ஆலத்தியூரில் பச்சை வந்தபோது ஐந்து இருபது. அன்றிரவு அவள் என்னைத் திட்டவில்லை. சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

அடுத்த வாரம் நாலாவது விதியை நீக்கினோம். (என்னையும் சேர்த்து நீக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.) புத்தகத்தில் ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் இப்போது ஊர்ப்பெயர் இருக்கிறது. அதை அன்பழகன் சொல்லச் சொல்ல எழுதினேன்.

தமிழரசி இப்போது ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். போன வருடம் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "இவ்வளவு படிச்ச பொண்ணு, கவர்மெண்ட் வேலைக்குப் போடலீங்களா?" என்று கேட்டார்கள்.

அம்மா யோசிக்கவே இல்லை. "அவ போடத்தாங்க போனா. பெரியவதான் ஒயர வெட்டிவுட்டுட்டா" என்றாள்.

கூடம் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார், அடுத்தது தமிழரசி. அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவானது. இன்றும் மாப்பிள்ளை என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது பெயர் சொல்வதில்லை. "எங்க கல்யாணத்துக்குக் காரணமே இவங்கதான்" என்கிறார். எல்லோரும் என்னை நல்லவள் என்று நினைத்துக் கும்பிடுகிறார்கள். நானும் கும்பிடுகிறேன். பக்கத்தில் நிற்கும் தமிழரசியின் முகத்தை மட்டும் அப்போது பார்ப்பதில்லை.