பீரோவுக்குள் வைஃபை

ஒரு காட்டில் கோதண்டம் என்றொரு கரடி இருந்தது. உடம்பெல்லாம் முடி, பேச்செல்லாம் அதிகாரம். கொஞ்சம் அறிவும் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

அதன் குகைக்கு வைஃபை வந்தது. கோதண்டம் ரவுட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது; பிளாஸ்டிக் கவரை மட்டும் பிரிக்கவில்லை. குரங்குகளின் கண் பட்டுவிடும் என்று இரும்பு பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு ஒயரை நுழைத்து, ரவுட்டரைத் தேன் ஜாடிகளோடு உள்ளே வைத்துப் பூட்டியது. சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டது.

மகள் செண்பகத்துக்குத் திங்கட்கிழமை நர்சிங் கல்லூரி நேர்காணல், வீடியோவில். அது தவறினால் தை மாதம் அத்தை மகனோடு கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அத்தை மகன் சாப்பிடுவதற்கு மட்டும் எழுந்திருக்கும் கரடி. செண்பகத்தின் போனிலோ சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது அழுதுவிட்டது.

திங்கள் காலை கம்பெனியிலிருந்து இன்னாசி என்ற முள்ளம்பன்றி வந்தது. பீரோவைப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டது.

"இரும்பைத் தாண்டி சிக்னல் வராது அண்ணாச்சி. எடுத்து நடுக்கூடத்துல வைங்க. இப்ப பீரோவுக்குள்ள மட்டுந்தான் சிக்னல் இருக்கு."

"உள்ள இருக்குல்ல? அப்ப பொண்ணு உள்ள போகட்டும்" என்றது கோதண்டம்.

இன்னாசி எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. ஓசியில் கிடைக்கிற அறிவை யார் மதித்தார்கள்? கோதண்டம் மகளை ஜாடிகளுக்கு நடுவே உட்கார வைத்து, சிக்னல் வெளியே சிந்திவிடாமல் கதவையும் சாத்தியது.

உள்ளே படம் பளிச்சென்று வந்தது. தேர்வாளரான நாரை, மூச்சுத் திணறுகிறவருக்கு முதலில் என்ன செய்வாய் என்று கேட்டது.

"முதல்ல யாராவது கதவைத் திறங்கன்னு சொல்வேன் மேடம்" என்றது செண்பகம், கண்ணீரோடு.

இவ்வளவு உணர்ந்து பதில் சொன்னவர் யாருமில்லை என்று அங்கேயே சீட் கொடுத்துவிட்டார்கள். மயங்கிக் கிடந்த மகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, கோதண்டம் பீரோவுக்குச் சூடம் காட்டியது. ராசியான பீரோவைக் குறை சொன்னதாக இன்னாசி மேல் புகாரும் போட்டது. கம்பெனி இன்னாசியை வீட்டுக்கு அனுப்பியது.

மறு வாரம் காட்டில் எல்லோருக்கும் பீரோ தேவைப்பட்டது. அவற்றை முதுகில் ஓட்டையோடு செய்து விற்பது இன்னாசிதான். இப்போது அது யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. எல்லோரும் அதை ஐயா என்கிறார்கள்.

நீதி: முட்டாளிடம் பீரோவைத் திறக்கச் சொல்லாதே, இன்னொரு பீரோ விற்றுவிடு.