பஸ் போகிற நேரத்தில் கூட்டிய கூட்டம்

நான் ஒரு காலத்தில் தலைவனாக இருந்தவன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. இப்போது என் வீட்டில் டிவி ரிமோட் கூட என் பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் திண்டுக்கல்லில் நான் படித்த கல்லூரியில், மூன்றாம் ஆண்டு அரசியல் அறிவியல் படிக்கும்போது, நான்தான் மாணவர் பேரவைத் தலைவர். அந்தப் பதவியில் நான் கூட்டிய முதல் கூட்டத்தைப் பற்றித்தான் இது. அதை மறக்க எனக்கு ஆசை. வீட்டில் விடமாட்டார்கள்.

எங்கள் கல்லூரி நாலு மணிக்கு விடும். விட்டதும் பாதிக் கல்லூரி ஓடும். எரியோடு வழியாகக் குஜிலியம்பாறை போகிற பஸ் நாலு இருபதுக்கு ஸ்டாண்டை விட்டுக் கிளம்பிவிடும் என்பதால் அந்த ஓட்டம். பை ஒரு பக்கம், டிபன் பாக்ஸ் ஒரு பக்கம் ஆட, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பெண்கள் ஓடுவார்கள். அதை விட்டால் அடுத்த பஸ் ஆறரைக்கு. ஊர் போய் இறங்கும்போது இருட்டிவிடும். என் வீடு கல்லூரிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. அவர்கள் ஓடுவதைக் கல்லூரி கேட் அருகில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, நிதானமாக வீட்டுக்குப் போய்க் காபி குடிப்பேன். (மூன்று வருஷமும் பார்த்தேன் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உதவும்.)

தேர்தலில் நான் கொடுத்த ஒரே வாக்குறுதி, கல்லூரியை மூணே முக்காலுக்கு விடவைப்பேன் என்பது. மதிய இடைவேளையில் கால் மணி நேரத்தைக் குறைத்தால் போதும். பஸ்ஸில் வருகிறவர்கள் மொத்தமாக எனக்கு ஓட்டுப் போட்டார்கள். அவர்களைத் திரட்டியது மகேஸ்வரி. இரண்டாம் ஆண்டு மாணவி, குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிராமம், பேரவைச் செயலாளர். இன்னும் ஒரு தடவை இருட்டி வீட்டுக்கு வந்தால் படிப்பு போதும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். மிரட்டலாகச் சொல்லவில்லை, பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை காட்டுப்பாதை என்ற பயத்தில் சொல்லியிருந்தார். அதனால்தான் அவளுக்கு அந்தக் கால் மணி நேரம் அவ்வளவு முக்கியம்.

ஜெயித்தவுடன் நான் செய்த முதல் வேலை பேரவைக்கு விதிகள் எழுதியது. விளையாட்டு விழாவுக்கு மாலை வாங்குவதைத் தவிர வேறு அதிகாரம் இல்லாத ஒரு பேரவைக்கு, நாடாளுமன்றத்துக்கு எழுதுகிற மாதிரி விதி எழுதினேன். மூன்று நாள் முன்னறிவிப்பு வேண்டும். குறைந்தது ஐம்பது பேர் இருக்க வேண்டும். கூட்டத்தை எந்த இடத்திலும் நடத்தலாம். (பெரிய பெரிய அரங்குகளில் என்னைப் பேச அழைப்பார்கள் என்ற நினைப்பு.) பிரின்சிபால் படித்துப் பார்த்துவிட்டு, பேரவை கூடித் தீர்மானம் போட்டால் நேரத்தை மாற்றத் தயார், ஆனால் வகுப்பு கெடக்கூடாது என்றார்.

வகுப்பு கெடாத நேரம் எது? யோசித்தேன். யோசித்து, கல்லூரி விட்ட பிறகு, நாலே காலுக்கு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

மகேஸ்வரி என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணே, கூட்டம் நாலே காலுக்கா?"

"ஆமா. ஒருத்தரும் லேட்டா வரக்கூடாது."

"இல்லண்ணே, நாலே காலுன்னா..."

நேரம் தவறாமையைப் பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து, மைக் செட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, கவலைப்படாதே என்று அனுப்பிவிட்டேன். உரையை மனப்பாடம் செய்கிற அவசரம் எனக்கு.

கூட்ட நாள் வந்தது. வெள்ளைச் சட்டையில் மேடை ஏறினேன். பக்கத்தில் பிரின்சிபால். அரங்கில் நிறையப் பேர் இருந்தார்கள். ஹாஸ்டல் பையன்கள், டவுன் பையன்கள், கிரிக்கெட் அணி முழுசாக. நானும் குஜிலியம்பாறை வழித்தட மக்களின் துயரத்தை விவரிக்க ஆரம்பித்தேன். "இதோ, இங்கே அமர்ந்திருக்கும் இந்தச் சகோதரிகளை எண்ணிப் பாருங்கள்" என்று உரையில் எழுதி வைத்தபடியே வலது பக்கம் கையை நீட்டினேன். வலது பக்கம் காலி பெஞ்சுகள் இருந்தன. அந்தச் சகோதரிகள் அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அரங்கில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பிரின்சிபால் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அத்தோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. விதி என்றால் விதி என்று தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டேன். ஆதரித்துத் தூக்கிய ஒரே கை என்னுடையது. உடனே ஹாஸ்டலைச் சேர்ந்த காளிதாஸ், கிரிக்கெட் கேப்டன், எழுந்து ஒரு திருத்தம் சொன்னான். மெஸ்ஸில் வரிசை நீளம், பாதிப் பேர் சாப்பிடாமலே வகுப்புக்கு ஓடுகிறோம், அதனால் மதிய இடைவேளையைக் கால் மணி நேரம் கூட்ட வேண்டும், கல்லூரி நாலே காலுக்கு விட வேண்டும். அரங்கம் முழுக்கக் கை உயர்ந்தது. மாணவர் முடிவே என் முடிவு என்று பிரின்சிபால் எழுந்து சொன்னார். திங்கள்கிழமை முதல் அமல்.

யாருடைய ஓட்டில் ஜெயித்தேனோ அவர்களுக்கு இருந்த பஸ்ஸையும் இல்லாமல் செய்துவிட்டேன். கல்லூரி வரலாற்றில் வேறெந்தத் தலைவரும் இத்தனை சீக்கிரத்தில் இதைச் சாதித்திருக்கமாட்டார்.

மறுநாள் காலை மகேஸ்வரி வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"எங்களுக்காகத்தான் கூட்டம் போட்டீங்க. எங்க பஸ்ஸு போற நேரம் பாத்துப் போட்டீங்க. திங்கக்கெழமையிலருந்து ஆறரை பஸ்ஸுதான். எங்கப்பா அதுக்கு ஒத்துக்கிற மாட்டாருண்ணே."

அவள் குரல் இறங்கிவிட்டது. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் வேறு எதுவும் தோன்றாமல், முறைப்படி நிறைவேறிய தீர்மானம், நான் என்ன செய்ய முடியும் என்றேன்.

"முறைப்படி நானும் கூட்டம் போடலாம்ல?" என்றாள். அன்றே பலகையில் அவள் அறிவிப்பு ஏறியது. பேரவைச் சிறப்புக் கூட்டம், திங்கள் காலை ஏழே முக்கால். இடம், எரியோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்குக் கிளம்பும் பஸ்.

எந்த இடத்திலும் நடத்தலாம் என்று எழுதியவன் நான்தானே. தலைமை தாங்க வேண்டியவனும் நான்தான். திங்கள் விடிந்ததும் பஸ் பிடித்து எரியோடு போய், அங்கிருந்து திரும்பி வருகிற பஸ்ஸில் தொற்றினேன். தலைவருக்கும் டிக்கெட் உண்டு என்றார் கண்டக்டர். உள்ளே ஐம்பது பேருக்கும் மேல் மூச்சு முட்ட நின்றார்கள். கல்லூரியை மூணே முக்காலுக்கு விட வேண்டும் என்ற தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றேன். கம்பியைப் பிடித்திருந்த அத்தனை கைகளும் உயர்ந்தன, என் கையும்தான். அந்த நேரம் பார்த்து டிரைவர் பிரேக் போட்டார். நான் நேராக ஒரு தக்காளிக் கூடையில் போய் உட்கார்ந்தேன். கூடைக்கார அம்மாவும் ஆதரித்துக் கையைத் தூக்கியிருந்தார். அது செல்லாத ஓட்டு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அறிவித்தேன். பஸ்ஸே என்னை முறைத்தது.

தக்காளிச் சாறு வழிந்த சட்டையோடுதான் பிரின்சிபால் அறைக்குள் போனேன். பின்னாலேயே காளிதாஸ் கொதித்துக்கொண்டு வந்தான்.

"நாங்க தூங்கிக்கிட்டு இருக்கும்போது பஸ்ஸுக்குள்ள கூட்டம் போட்டு முடிவெடுத்தா என்ன சார் நியாயம்?"

"எங்களுக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு" என்றாள் மகேஸ்வரி.

இரண்டு கூட்டமும் என் விதிப்படி சுத்தமாக நடந்தவை. இரண்டும் அநியாயம். எத்தனை கை உயர்ந்தது என்பதிலேயே குறியாக இருந்த எனக்கு, யாருடைய கை அங்கே இல்லை என்று பார்க்கத் தோன்றியதில்லை. பிரின்சிபால் என் சட்டையைப் பார்த்தார். ஒரு நாள் எல்லாரும் சாப்பிடுகிற நேரத்தில் கூடுங்கள், நான் வரவில்லை, அதுவரை பழைய நேரமே இருக்கட்டும் என்றார்.

கூடினோம், மைதானத்தில், டிபன் பாக்ஸோடு. தலைமையை மகேஸ்வரியிடம் கொடுத்துவிட்டு நான் தண்ணீர் ஊற்றினேன். மெஸ்ஸில் இரண்டு வரிசை விட்டால் தனக்குக் கால் மணி நேரம் தேவையே இல்லை என்றான் காளிதாஸ். இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். நான் உரையாற்றிக்கொண்டிருந்தேன். கல்லூரி மூணே முக்காலுக்கு விட்டது. மகேஸ்வரி ஓடாமல் நடந்து போய் பஸ் ஏறினாள், படிப்பையும் முடித்தாள்.

என் கல்யாணத்துக்கு அவள் ஒரு சுவர்க் கடிகாரம் கொண்டுவந்தாள். பேட்டரி போடாமல், முள்ளை நாலே காலில் நிறுத்தி. மொய் வரிசை காத்திருக்க, மேடையிலேயே என் மனைவியிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹாலில் உட்கார்ந்து, லீவுக்கு எங்கே போவது என்று என் மகளிடமும் மகனிடமும் கருத்துக் கேட்டேன். கொடைக்கானல் என்று ஏகமனதாக முடிவாயிற்று. அறிவித்தேன். அடுக்களையில் மிக்ஸி நின்றது.

"ஏங்க, குஜிலியம்பாறை பஸ் போயிருச்சா?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். அங்கே கருத்துக் கேட்பதற்கு முன்னால் ஒரு தேங்காயைத் துருவ வேண்டியிருந்தது.